மூன்று கிளிப்புகள்

அத்தியாயம் பதினான்கு

கிருசிகாவைப் போன கிழமை நல்ல கோபத்தில் விட்டுவிட்டு வந்தோம். கணவனுக்குப் பதினொரு விநாடிக் குரல்பதிவு ஒன்றை அனுப்பிவிட்டுப் போனைத் தலையணைக்குக் கீழே தள்ளினாளே, அந்தக் கோபத்தில்.

அவளில் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. கல்யாணம் கட்டி இரண்டு வருடம். அதில் கேதீசன் ஊரில், மாங்கேணியில், அவளோடு இருந்தது நாற்பத்தொரு நாள். சித்திரைக்கு வருகிறேன் என்றவன், கட்டாரில் லீவு தரவில்லை என்று கையை விரித்துவிட்டான். அப்படிப்பட்டவன் கார்த்திகை மாதத்தில் போன் எடுத்து, வெள்ளியும் சனியும் கூட்டாளிமாரோடு நேபாளம் போகிறேன், கூட வேலை செய்கிற நேபாளப் பெடியன் ஒருவன் கூப்பிடுகிறான், ஆற்றில் ரப்பர் வள்ளம் ஓட்டப்போகிறோம் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னால், எந்தப் பெண்தான் வாழ்த்தி வழியனுப்புவாள்?

"கடலுக்குள்ள பிறந்து வளந்த உங்களுக்கு, தண்ணி பாக்க நேபாளம் கேக்குதா? போங்க. போய் அந்த ஆத்திலயே தாண்டு போங்க. எனக்கென்ன."

மூழ்கிப் போ என்கிற இந்தச் சாபம்தான் அந்தப் பதினொரு விநாடி. இரண்டு நீலக்கோடும் விழுந்தன. பதில் மட்டும் வரவில்லை.

சனிக்கிழமை காலை எட்டேகாலுக்கு வந்தது. ஒரு படம். தலையில் சிவப்பு ஹெல்மெற், உடம்பில் செம்மஞ்சள் நிற லைஃப் ஜக்கெற், நெஞ்சில் மேலிருந்து கீழாக மூன்று கறுப்புக் கிளிப். பின்னால் பச்சைத் தண்ணீர். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறான் மனிதன். படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்: 'தாழ ஏலாது. இது விடாது. பின்னேரம் எடுக்கிறன், அதுக்குள்ள கோபத்த ஆத்தி வையுங்க.'

கிருசிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை யாரும் பார்க்கவில்லை என்பதில் அவளுக்குத் திருப்தி. கொஞ்சநேரம் கிடந்து தவிக்கட்டும், பின்னேரம் பார்த்துக்கொள்ளலாம் என்று போனைக் குசினித் தட்டில் குப்புற வைத்துவிட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்தாள்.

பத்து இருபதுக்குப் போன் அடித்தது. கேதீசன் இல்லை. றிஸான்.

றிஸானைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஓட்டமாவடி முகைதீன்பாவா முதலாளியின் மகன். கேதீசனின் தகப்பன் சாமித்தம்பி பிடிக்கிற மீனை வாங்குவது முகைதீன்பாவாதான். மகன்மார் இருவரும் ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கியே கூட்டாளியானவர்கள். கிருசிகாவுக்கு அவன் நானா, அதாவது அண்ணன் முறை. கட்டாருக்கும் ஒன்றாகப் போனார்கள், நேபாளத்துக்கும் ஒன்றாகத்தான் போயிருந்தார்கள்.

"தங்கச்சி, கேதீஸ்ட அப்பா பக்கத்தில நிக்காரா?"

"இல்ல நானா. மாமா அவங்கட வளவில. ஏன்? இவர் எங்க?"

போனுக்குள் ஒரே இரைச்சல். அங்கே மழை பெய்கிறது என்று நினைத்தாள். அது ஆறு.

"போட் பிரண்டிட்டு தங்கச்சி. நாங்க எட்டுப் பேர் இருந்த. ஏழு பேர் கரைக்கு வந்திட்டம்."

கழிக்கத் தெரியாத சின்னப்பிள்ளை போல, "மத்த ஆள்?" என்று கேட்டாள் கிருசிகா.

றிஸான் அழத் தொடங்கினான். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கையில் பாதித் தேங்காய் இருந்தது. அதை எங்கே வைத்தாள், அடுப்பை அணைத்தாளா, செருப்புப் போட்டாளா, ஒன்றும் அவளுக்குப் பிறகு ஞாபகம் வரவில்லை. நாலு வேலி தாண்டி மாமனார் வளவுக்கு ஓடியது மட்டும் ஞாபகம் இருந்தது.

*

மாரிக் கடல் கொதித்துக்கொண்டிருந்ததால் சாமித்தம்பி அன்று தொழிலுக்குப் போகவில்லை. முற்றத்தில் குந்தியிருந்து, வள்ளத்து எஞ்சினின் பிளக்கை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். மனைவி பத்தினிப்பிள்ளை வீட்டில் இல்லை. மட்டக்களப்பு டவுனில் இருக்கும் மகள் சுதர்சனாவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து பத்து நாள், அங்கே நின்றாள்.

"மாமா... இவர் ஆத்தில..."

சாமித்தம்பி எழும்பினார். மண்ணெண்ணெய்க் கையைச் சாரனில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார்.

இந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மாங்கேணியில் கடலுக்குப் போன எவனாவது திரும்பவில்லை என்றால், முதலில் சாமித்தம்பி வீட்டு வாசல் கடப்பைத்தான் தட்டுவார்கள். முப்பது வருடமாக அப்படித்தான். ஐந்து நிமிடத்தில் வள்ளம் தள்ளுவார். நீரோட்டத்தைப் பார்த்து, காற்றைப் பார்த்து, இந்தப் பக்கம் போ என்பார். உயிரோடு கொண்டுவந்தவர்களும் உண்டு, மற்றப்படி கொண்டுவந்தவர்களும் உண்டு. வெறுங்கையோடு அவர் திரும்பியது குறைவு.

அந்தப் பழக்கம் இப்போதும் முன்னுக்கு வந்து நின்றது.

"றிஸான், அழாத மனே. சொல்லு. தண்ணி என்ன நிறம்?"

"பச்சை அங்கிள். தெளிஞ்ச தண்ணி."

"அடியில கல்லா, மணலா?"

"கல்லு. வீடு வீடாக் கல்லு."

"குளிர்?"

"ஐஸ் பெட்டிக்குள்ள கைய விட்ட மாதிரி அங்கிள். எனக்கு இன்னும் கை விறைச்சுக் கிடக்கு."

"எந்தப் பக்கம் வளையுது?"

"போட் பிரண்ட இடத்தில இருந்து இடது பக்கம். அதுக்கங்கால ஒண்டும் தெரியல்ல."

"சரி, நான் வாறன்" என்றார் சாமித்தம்பி.

போனை மருமகளிடம் கொடுத்தார். சாரனை மடித்துக் கட்டினார். எஞ்சின் பிளக்கைக் கையில் எடுத்தார். கடப்படி வரைக்கும் நடந்தார். அங்கே நின்றுவிட்டார்.

வலது பக்கம் கடல், இடது பக்கம் திருகோணமலை ரோட்டு. எந்தப் பக்கம் போனாலும் அந்த ஆறு வராது. மனிதரிடம் ஒரு பாஸ்போட்கூடக் கிடையாது. பிளக்கைப் பிடித்தபடி அவர் அப்படியே நிற்பதைப் பார்த்தபோதுதான் கிருசிகா முதன்முதலாகப் பயந்தாள்.

*

சுதர்சனா பேஸ்புக்கில் பார்த்துவிட்டாள். யாரோ கட்டாரில் இருந்து போட்டிருந்தார்கள். தாய்க்கு எப்படிச் சொல்வது என்று அவள் கைப்பிள்ளையோடு தடுமாறிக்கொண்டிருக்க, பத்தினிப்பிள்ளை மகளின் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அவள் வந்து இறங்கியபோது பகல் ஒரு மணி. வளவு நிறையச் சனம். முகைதீன்பாவா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு கதிரையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். தன் மகன் தப்பிவிட்டதற்குச் சந்தோஷப்படவும் முடியாமல், அங்கிருந்து எழும்பிப் போகவும் முடியாமல் இருந்தார் பாவம். பக்கத்து வளவுப் பெண்கள் இரண்டு பேர் தலைமுடியை அவிழ்த்து, ஒப்பாரிக்குக் குரலை எடுத்துவிட்டார்கள்.

பத்தினிப்பிள்ளை பையை மண்ணில் போட்டாள்.

"நிப்பாட்டுங்ககா! கரைக்கு வராத புள்ளைக்கு ஆரு உங்களை ஒப்பாரி வைக்கச் சொன்ன?"

கரையோரத்தில் இது எழுதாத சட்டம். உடம்பு கரைக்கு வரும் மட்டும் அழுது பாடக்கூடாது. அவசரத்தில் மறந்துவிட்ட பெண்கள் வெட்கப்பட்டு முடியைக் கட்டினார்கள்.

"அடுப்பு மூட்டல்லையா? எல்லாருக்கும் தேத்தண்ணி வைங்க" என்றவள் புருசனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்லுறீங்க? இருக்கானா?"

"இருக்கான்" என்றார் சாமித்தம்பி. "ஜக்கெற் போட்டிருக்கான். அது போட்டவன் தாழமாட்டான். எங்கயாவது கல்லில தங்கியிருப்பான். தேடி எடுத்திருவாங்க."

வளவில் இருந்த எல்லாரும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். கிருசிகா காலையில் வந்த படத்தைத் திறந்து மாமிக்குக் காட்டினாள். பத்தினிப்பிள்ளை திரையில் இருந்த ஜக்கெற்றை விரலால் தடவிப் பார்த்தாள்.

ஒன்றே முக்காலுக்கு றிஸான் மறுபடி எடுத்தான்.

"அங்கிள், ஜக்கெற் கிடைச்சிட்டு."

"ஆள்?"

"ஜக்கெற் மட்டும்தான் அங்கிள். மூணு கிலோமீற்றர் கீழ. ஒரு மரத்தில தொங்கிக் கிடந்திரிக்கி. போட் ஓட்டின கைட் அதைப் பாத்திட்டுத் தலையில கைய வெச்சிட்டு இருந்திட்டான்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. வளவே கேட்டது.

கிருசிகா கத்தவில்லை. அவள் செய்த வேலைதான் எல்லாரையும் உறைய வைத்தது. மாமனாரின் கையில் இருந்து போனைப் பறித்து, வியாழக்கிழமைக் குரல்பதிவைத் தேடி எடுத்து, சத்தத்தைக் கூட்டிப் போட்டுவிட்டாள்.

'...போய் அந்த ஆத்திலயே தாண்டு போங்க. எனக்கென்ன.'

சொந்தக் குரல் ஓய்ந்ததும், "கேட்டீங்களா மாமி?" என்றாள். "நான்தான் சொன்னன். தாண்டு போங்க எண்டு நான்தான் சொன்னன். என்ட வாயாலதான் போனார்."

தேத்தண்ணி கொண்டுவந்தவள் தட்டோடு நின்றாள். முகைதீன்பாவா கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தார். பத்தினிப்பிள்ளை மருமகளைப் பார்த்தாள். அணைக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. கொஞ்சம் தள்ளி நின்றாள். நான் இதை மறைக்கப் போவதில்லை. அந்த நேரத்தில் அந்தத் தாய்க்கு மருமகளில் வெறுப்புத்தான் வந்தது.

சாமித்தம்பிக்கு இது எதுவும் காதில் ஏறவில்லை.

"றிஸான், அந்த ஜக்கெற்ற ஒரு படம் எடுத்து அனுப்பு மனே. கிட்டப் பிடிச்சு எடு."

படம் வந்தது. நனைந்த செம்மஞ்சள் துணி. சாமித்தம்பி போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"இதைப் பெருசாக்கு புள்ள."

கிருசிகா இரண்டு விரலால் விரித்தாள்.

"கிளிப் உடஞ்சிருக்கா?" என்று றிஸானைக் கேட்டார்.

"இல்ல அங்கிள். மூண்டும் நல்லாத்தான் கிடக்கு."

"பட்டி அறுந்திருக்கா?"

"இல்ல. கழண்டு கிடக்கு. கைட்டும் இதைத்தான் கேக்கான். அடிபட்டா ஒண்டு கழரலாமாம், மூண்டும் எப்பிடிக் கழரும் எண்டு."

"போட் பிரளேக்குள்ள அவன் எங்க இருந்தான்?"

"பின்னுக்கு, இடது பக்கம். எங்களை போட் வெளிய எறிஞ்சிட்டு. அவனுக்கு மேலதான் போட் வந்து விழுந்த. அதுக்குப் பிறகு நாங்க ஆரும் அவனைக் காணல்ல."

சாமித்தம்பி போனைத் திருப்பிக் கொடுத்தார். எழும்பி வேலியோரம் போனார். அங்கே குனிந்து, காலையில் குடித்த தேத்தண்ணியைச் சத்தி எடுத்தார்.

*

சுனாமிக் கடல்கோளுக்குப் பிறகு ஏதோ ஒரு நிறுவனம் மாங்கேணிக்கு வள்ளமும் ஜக்கெற்றும் கொடுத்தது. வள்ளத்தை எல்லாரும் பாவித்தார்கள். ஜக்கெற்றை எவரும் போடவில்லை. இன்றும் சில வீடுகளில் அது தலையணை.

அதற்குக் காரணமே சாமித்தம்பிதான். கேதீசனுக்கு அப்போது பதினான்கு வயது. பனிச்சங்கேணி வாவியில், மகனுக்கு ஜக்கெற்றைப் போட்டுப் புது வள்ளத்தை வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்த்தார். பிள்ளை வெளியே வரவில்லை. உள்ளே பாய்ந்து பார்த்தால், ஜக்கெற் அவனை மேலே தூக்கிக் கவிழ்ந்த வள்ளத்தின் அடியோடு ஒட்ட வைத்திருக்கிறது. பிள்ளை நீந்திக் கீழே போக ஏலாமல் உதைத்துக்கொண்டிருக்கிறான்.

இழுத்து எடுத்து, மூச்சு வந்ததும், தகப்பன் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார். ஒருதரம் இரண்டுதரம் அல்ல. அன்று பின்னேரம் முழுக்க வள்ளத்தைக் கவிழ்த்துக் கவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டும் கை தானாகச் செய்யும் மட்டும் பழக்கினார்.

சாமித்தம்பி வாயைக் கழுவிவிட்டு வந்தார். பெண்கள் இருவருக்கும் முன்னால் மண்ணில் உட்கார்ந்தார்.

"புள்ள, உன்ட வாயால ஒண்டும் நடக்கல்ல. ஜக்கெற் தானாக் கழரல்ல. அவன் கழட்டினவன். நான்தான் பழக்கினனான்."

"என்ன பழக்கின?" என்றாள் பத்தினிப்பிள்ளை.

"வள்ளத்துக்கு அடியில மாட்டினா, மிதக்கிற எதையும் உடம்பில வெச்சிராத, கழட்டிப்போட்டுக் கீழ போ எண்டு. வாவியில சொல்லிக் குடுத்த. ஓட்டமில்லாத தண்ணியில. சுடுதண்ணி மாதிரிக் கிடக்கிற தண்ணியில." அவருடைய குரல் உடைந்தது. "அந்த ஆத்துக்கு அது சரிவருமா எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? ஆறு எண்டு ஒண்டை என்ட சீவியத்தில நான் இறங்கிப் பாக்கல்லையே."

பத்தினிப்பிள்ளை புருசனைப் பார்த்த பார்வையை எழுத எனக்குக் கை வரவில்லை. முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்த மனிதரை அவள் அடையாளம் தெரியாதவள்போலப் பார்த்தாள்.

"ஊரான் வீட்டுப் புள்ளையெல்லாம் தேடிக் குடுத்தீங்களே" என்றாள் மெதுவாக. "என்ட புள்ளைய நீங்களே..."

முடிக்கவில்லை. முடிக்கவிடாமல் குறுக்கே வந்தது கிருசிகாவின் குரல்.

"பிறகு?"

"என்ன பிறகு?"

"கழட்டிப்போட்டுக் கீழ போகச் சொன்னீங்க. கீழ போய் வெளிய வந்தா, அதுக்குப் பிறகு என்ன செய்யச் சொன்னீங்க மாமா?"

சாமித்தம்பி நிமிர்ந்தார். இவ்வளவு நேரமும் பாடத்தின் முதல் பாதியிலேயே அவர் தாழ்ந்துகொண்டிருந்தார்.

"ஓட்டத்தோட இழுபடாத. குறுக்கால நீந்து. எது கிட்டக் கிடக்கோ அந்தக் கரையப் பிடி."

"மூண்டு கிளிப்பும் கழட்ட அவருக்குக் கையிருந்திருக்கு, நினைவிருந்திருக்கு. மத்ததும் செய்திருப்பார்தானே?" கிருசிகா பதிலுக்கு நிற்கவில்லை. போனை அழுத்தினாள். "றிஸான் நானா, எங்க தேடுறாங்க?"

"கீழ தங்கச்சி. ஜக்கெற் கிடந்த இடத்தில. ரோட்டுக் கரையோட."

"போட் பிரண்ட இடத்துக்கு எந்தக் கரை கிட்ட?"

"மத்தக் கரை. அக்கரை. ஆனா அது காடு, ரோட்டும் இல்ல, ஒண்டும் இல்ல. பாலத்தால சுத்திப் போறதெண்டா நாலைஞ்சு மணித்தியாலம் எண்டு சொல்லுறாங்க. அங்க ஆரும் தேடல்ல."

சாமித்தம்பி எட்டிப் போனை வாங்கினார்.

"மனே, ஜக்கெற்றுக்குப் பின்னால போகாதீங்க. அது வெறும் துணி, தண்ணி கொண்டுபோன இடத்துக்குப் போகும். என்ட மகன் தண்ணியோட போகமாட்டான், நீந்தினவன். அக்கரையப் பாருங்க."

"கைட் சொல்லுறான், ஜக்கெற் இல்லாம இந்த ஆத்தை ஆரும் நீந்தினதில்ல எண்டு..."

"கைட்டுக்கு மாங்கேணிக்காரனத் தெரியாது. நீ பாரு."

*

தூறல் விழுந்து நின்றது. பத்தினிப்பிள்ளை ஒரு பக்கம், சாமித்தம்பி ஒரு பக்கம், நடுவில் கிருசிகா. அவளுடைய மடியில் போன். சார்ஜ் குறையக் குறைய முகைதீன்பாவா தன்னுடைய சார்ஜரைக் கொண்டுவந்து, ஜன்னலால் வயரை இழுத்துக் கொடுத்தார்.

நாலரைக்கு அடித்தது. இந்தமுறை வீடியோ அழைப்பு. றிஸானின் முகம், பின்னால் நேபாளப் பெடியன், அவனுடைய கையில் யாரிடமோ வாங்கிய தூரக்கண்ணாடி. இருவரும் ஓடி வந்தவர்கள்போல மூச்சு வாங்கினார்கள்.

"அங்கிள், அக்கரையில பாறைக்கு மேல ஒரு நீல டீசேட் கிடக்கு. அது கேதீஸ்டதான். காலையில போட்டிருந்தது."

பத்தினிப்பிள்ளையின் தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ பின்னால், "ஆறு கொண்டுவந்து போட்டிருக்கும்" என்றார்கள்.

சாமித்தம்பி போனுக்குக் கிட்டக் குனிந்தார்.

"எப்பிடிக் கிடக்கு மனே? சுருண்டு கிடக்கா, விரிஞ்சு கிடக்கா?"

"விரிஞ்சு கிடக்கு."

"நல்லாப் பாரு. அதுக்கு மேல ஏதும் கிடக்கா?"

றிஸான் தூரக்கண்ணாடியை வாங்கிக் கண்ணில் வைத்தான்.

"கல்லு அங்கிள்" என்றான். அவனுடைய குரல் மாறியது. "கல்லு வெச்சிருக்கு. காத்துக்குப் பறக்காம, நாலு மூலைக்கும் நாலு கல்லு வெச்சிருக்கு!"

காலையில் இருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத சாமித்தம்பி, மண்ணில் முகம் படக் குனிந்து பெரிய சத்தமாக அழுதார். பத்தினிப்பிள்ளை வந்து அவருடைய முதுகில் கையை வைத்தாள். சனம் எழும்பிவிட்டது. அந்த ஆரவாரத்துக்குள் கிருசிகா மட்டும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கண் இமைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆள் எங்க நானா?"

றிஸான் தூரக்கண்ணாடியை இறக்கினான்.

"கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தம் தங்கச்சி. விசிலும் அடிச்சம். ஒரு சத்தமும் இல்ல."

"அந்தப் பாறையில இப்ப வெயில் இருக்கா?"

"இல்ல. மலைக்கு அங்கால போய் ஒரு மணித்தியாலம் இருக்கும். இஞ்ச இப்பவே நடுங்குது."

ஆரவாரம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. சாமித்தம்பி தலையைத் தூக்கினார்.

"நாலு கல்லு வெச்சுக் காயப்போட்ட மனிசன்" என்றாள் கிருசிகா, "வெயில் போன பிறகும் அதை எடுத்துப் போடாம, வெறும் மேலோட எங்க நானா போனார்?"